மழையைக் குடிக்கும் ஒத்தக்கல்லு

சுண்ணாம்புக்கல் மலைகளைப் பற்றி இருபத்தேழு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் குகை வரைவேன். மேலிருந்து தொங்கும் விழுது, கீழிருந்து வளரும் முளை, இரண்டும் சேர்ந்து நிற்கும் தூண். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. நாமக்கல்லில் எங்கள் கண்ணுக்கு எட்டிய வரை கருங்கல்தான். முதல்முதலாக அப்படி ஒரு மலையை மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் பார்த்தேன். பார்த்த மறுநாளே என் தங்கை கணவர் அப்படி ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே மழை கொட்டியது. அவர் மாட்டிக்கொண்டதில் என் பங்கு என்ன என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

போன காரியம் வேறு. தங்கை சாந்தியின் மகளுக்கு வரும் புதன்கிழமை நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான் ஒருவன்தான். நான் வராமல் தட்டு மாற்றக் கூடாது என்று சாந்தி போனிலேயே அழுதுவிட்டாள். பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச்சிமிழ், இரண்டு கிலோ கடலை உருண்டை என்று கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவள் வீட்டு வாசலில் இறங்கினேன். புந்தோங்கில் கடலைக்குப் பஞ்சமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கச்சாங் பூத்தே என்று சொல்லி, வறுத்த கடலையும் பொரித்த பருப்பும் முறுக்கும் கடை கடையாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

“மச்சான், இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தீங்க?” என்று சாந்தியின் கணவர் குணா சிரித்தது எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

குணாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெலாப்பாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பிறந்தது ஒன்பதாங்கட்டை தோட்டத்தில். கட்டை என்றால் இவர்கள் கணக்கில் மைல். அங்கே ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து நிலத்தை விற்றபோது, தோட்டத்துச் சனம் மொத்தமும் மூட்டை கட்டியது. பாதிப் பேர் புந்தோங், மீதிப் பேர் பாகான் செராய் வரைக்கும் சிதறிப்போனார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் குணாவின் இடது முழங்கால் கெட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பார். நீச்சல் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. அவரைப் பற்றிய இந்த விவரங்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை டவுனுக்குத் தனியாகப் போகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பி, எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏசி குளிரில் தூங்கியும்விட்டேன். கண் விழித்தால் ஜெலாப்பாங் தொழிற்சாலைகள். இறங்கி ஒட்டுக்கடையில் தே தாரேக் கேட்டேன். நம் ஊர் டீயைவிட இரண்டு மடங்கு சர்க்கரை, நாலு மடங்கு நுரை. கிளாஸை வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தகரக் கூரைகளுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று செங்குத்தாக மலைகள். அடிவாரம், சரிவு என்று எதுவும் கிடையாது. சமதரையிலிருந்து சுவர் எழுப்பியது மாதிரி நேராக மேலே போகின்றன. உச்சியில் மட்டும் காடு. பாடப்புத்தகத்துப் படம் எவ்வளவு மட்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்த குணா, நான் மலையைப் பார்த்து வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தார்.

“இதெல்லாம் யாரோட மலையோ. நாளைக்கு நம்ம மலைக்கே போலாம், மச்சான். ஒத்தக்கல்லு. ஏரிக்குள்ள நிக்கும். முனியாண்டி பூசை இருக்கு லா, தோட்டத்து ஆளுங்க எல்லாம் வருவாங்க.”

வீட்டில் சாந்தி ஒத்துக்கொள்ளவில்லை. போன வருஷப் பூசையின்போது மலையிலிருந்து கட்டில் அகலத்துக்கு ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்ததாம்.

“புதன்கிழமை விசேஷத்த வச்சிக்கிட்டு அங்க என்னா வேலை? அண்ணனுக்கு மலைன்னா பைத்தியம், ஒங்களுக்கு முனின்னா பைத்தியம்,” என்றாள்.

“வருஷத்துக்கு ஒரு நாளு. போகாம இருக்க முடியுமா?” என்றார் குணா.

 இரவுச் சாப்பாட்டில் சாந்தி ரசத்தை அவர் பக்கம் நகர்த்தவில்லை.

ஞாயிறு காலை மூன்று வேன்களில் நாற்பது பேர், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாந்தியும். எல்லோருக்கும் மஞ்சள் பனியன், முதுகில் ‘ஒன்பதாங்கட்டை குடும்பம்’ என்று சிவப்பு எழுத்து. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், தொப்பையில் பிடித்தது. பாதி வழியில் எங்கள் வேன் ரேடியேட்டர் புகைந்து நின்றது. குடத்திலிருந்த பூசைத் தண்ணீரை ஊற்றித்தான் நகர்ந்தோம். சகுனம் சரியில்லை என்று ஒரு பெண் முணுமுணுத்தார். சாந்தி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோப்பைத் தாண்டியதும் ஏரி. பச்சை நிறம், ஒரு அலை இல்லை. நடுவில் ஒத்தக்கல்லு. எங்கள் ஊர்க் கோட்டைப் பாறையைவிடக் கொஞ்சம் உயரம் இருக்கும், அகலம் குறைவு. மூன்று பக்கம் தண்ணீர். நான்காவது பக்கம் கல்லுடைக்கும் குவாரி, வேலி போட்டுப் பூட்டிக் கிடந்தது. அதனால் படகில்தான் போக வேண்டும். ஏரியில் மீன் வளர்க்கும் சீனர் ஒருவர், பெயர் ஆ மெங், தன் இன்ஜின் படகில் தடவைக்குப் பத்துப் பேராக ஏற்றிக்கொண்டு போனார்.

படகில் என் பக்கத்தில் அந்தோணி அண்ணன் உட்கார்ந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். அந்தோணி அண்ணன் தேவாலயம் தவறாதவர். ஆனாலும் முனியாண்டி பூசையில் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஏன் என்று கேட்டேன்.

“பேரு நான்தானே வாசிக்கணும்,” என்றார்.

இந்த ஏரி கடவுள் வெட்டியதல்ல, மனிதன் வெட்டியது என்று அவர் சொல்லச் சொல்ல, என் பாடமும் கூடவே ஓடியது. ஒரு காலத்தில் கடலடியில் சிப்பிகளும் பவளமும் சேர்ந்து இறுகிய கல் இது. பூமி மேலே தூக்கியது, மழை கரைத்தது, கரையாத மிச்சம் மலையாக நிற்கிறது. அதன் காலடி மண்ணில் வெள்ளீயம் கிடந்தது. முதலில் சீனர்கள் வந்து தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். பிறகு வெள்ளைக்காரன் ஈயக்கப்பல் என்று சொல்லும் பெரிய மிதவை இயந்திரத்தைக் கொண்டுவந்து ஆழமாகத் தோண்டினான். மிச்ச நிலத்தில் ரப்பர் போட்டு நம் ஆட்களை இறக்கினான். ஈயத்தின் விலை விழுந்ததும் பம்புகளை நிறுத்தினார்கள். குழியில் தண்ணீர் ஏறியது. தரையில் நின்ற மலை தண்ணீருக்குள் நிற்கத் தொடங்கியது.

“பேரு வாசிக்கிறது அந்த காட்டுக்காரனுங்க காலத்துல ஆரம்பிச்சது,” என்றார் அந்தோணி அண்ணன். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த காலத்தைச் சொல்கிறார். “பூசைக்கு வர்றவங்க குகைக்குள்ள அரிசிய வச்சிட்டுப் போறாங்கன்னு தொரைக்கு சந்தேகம். மலைய விட்டு எறங்குறப்ப எல்லார் பேரையும் வாசின்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டான். பெரட்டுல வாசிக்கிற மாதிரி. ஒரு ஆளு கொறைஞ்சா மொத்தக் குடும்பத்தையும் புடிச்சிக்கிட்டுப் போயிடுவான். அதனால ஆளு இல்லாட்டியும் சொந்தக்காரன் எவனாச்சும் ‘இருக்கு’ன்னு கொரல் குடுத்துருவான். எங்கப்பாவும் தலைய தூக்கிப் பாக்க மாட்டாரு.”

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிவதற்கு முன் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. துரை போய், தோட்டம் போய், இன்றும் மலையிலிருந்து இறங்கும்போது பெயர் வாசிக்கிறார்கள். செத்தவர்களின் பெயர்கூடப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பிள்ளைகள் ‘இருக்கு’ என்கிறார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவனுக்கு அண்ணன்காரன் சொல்கிறான். எந்தப் பெயரும் பதிலில்லாமல் போகக் கூடாது, போனால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. கேட்கும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் இன்னொருவனுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொன்னால் காதைத் திருகுகிறவன் நான்.

மலையடியில் தண்ணீரை ஒட்டி ஒரு கல்மேடை. அதில் முனியாண்டி. பக்கத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. தோட்டத்துப் பெரட்டுக்கு அடித்த அதே துண்டு, தோட்டம் மூடியபோது தூக்கிவந்து இங்கே கட்டியிருக்கிறார்கள்.

“இந்தச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் காலு தானா எந்திரிச்சிடும், மச்சான். ஃபேக்டரி சைரனுக்கெல்லாம் அப்புடி ஆவாது,” என்றார் குணா.

பூசைக்கு நேரமிருந்ததால் குணா என்னை மட்டும் குகைக்குள் கூட்டிப்போனார். மேடைக்குப் பின்னாலேயே வாய். இருபதடி போனதும் கூரை இடுப்புயரத்துக்குத் தாழ்கிறது. குனிந்து குனிந்து ஒரு வேன் நீளம் போனால், அதற்கப்பால் பெரிய அறை. டார்ச் அடித்தேன். நடுவில் தூண். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்து, நான் வரைந்ததைப் போல நூறு மடங்கு. கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கலங்கித்தான் போனது.

உடனே வாத்தியார் புத்தி தலைதூக்கியது. சுவரில் என் மார்பளவில் ஒரு களிமண் கோடு ஓடியது. “மாப்பிள்ளை, இங்கே பாருங்க. மழை பெய்ஞ்சா கருங்கல்லு மேலே வழிஞ்சு ஓடும். இந்தக் கல்லு உள்ளே குடிக்கும். மலை மேலே விழுறதெல்லாம் இந்த ஓட்டை வழியாத்தான் வெளியே வரணும். இந்தக் கோடு வரைக்கும் தண்ணி வந்திருக்கு. மேலே அந்தத் திட்டைப் பாருங்க, வௌவால் எச்சம் காய்ஞ்சு தூளாக் கிடக்கு. அங்கே மட்டும் தண்ணி வராது.”

“சரி சார்,” என்று மாணவன் மாதிரிக் கைகட்டி நின்றார் குணா. கேட்டாரா, கிண்டல் செய்தாரா தெரியவில்லை.

மத்தியானம் ஆட்டுக்கறிச் சோறு. எலும்பைக் கடித்துக்கொண்டே, குகைக்குள் எடுத்த படங்களைப் போனில் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. தூணின் ஒரு ஓரம்கூட விழவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி புலம்பினேன். குணா கையைக் கழுவிவிட்டு என் போனை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு நிமிஷம். நான் எடுத்துட்டு வாரேன். நீங்க இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்குங்க.”

நான் போட்டுக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

கிழக்கே வானம் கறுத்தது. ஆ மெங் மலாயில் கத்தினார். ‘மழை வருகிறது, பாத்திரத்தை எடுங்கள், சீக்கிரம்’ என்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அண்டா, கரண்டி, வாழையிலைக் கட்டு என்று எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கே பார்த்தாலும் மஞ்சள் முதுகு. அந்தோணி அண்ணன் தண்டவாளத்தை மூன்று முறை அடித்து, பட்டியலைப் பிரித்து அவசர அவசரமாக வாசித்தார். ‘இருக்கு’, ‘இருக்கு’ என்று நாலா பக்கமும் குரல்கள்.

“மாரியப்பன் மகன் குணசேகரன்!”

பதில் இல்லை.

பத்துப் பதினைந்து முகம் என் பக்கம் திரும்பியது. சாந்தி தூரத்தில் படகுக்கருகே முதுகைக் காட்டி நின்றாள், இடுப்பில் குடம். குணா அண்டா தூக்கிப் போயிருப்பார், அந்த மஞ்சள் முதுகுகளில் ஒன்று அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, பார்க்கவில்லை. இவர்கள் வழக்கத்தில் நானும் ஒருவனாகக் கலந்துவிட்ட ஒரு குஷி வேறு.

“இருக்கு!” என்று கத்தினேன்.

என் நாமக்கல் ராகத்தைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே அடுத்த பெயருக்குப் போய்விட்டார் அந்தோணி அண்ணன். பெண்கள் முதல் படகில் ஏறினார்கள்.

நாலு தடவையில் எல்லோரையும் கரை சேர்த்தார் ஆ மெங். கடைசிப் படகில் நான். குணா அதில் இல்லை. முன்னாலேயே போய்விட்டார் போல என்று சும்மா இருந்தேன். பாதி ஏரியில் மழை பிடித்தது. நம் ஊர் மழை மாதிரி தூறி, யோசித்து, பிறகு வலுக்கிற மழை இல்லை. ஒரே அடியாகக் கொட்டியது. திரும்பிப் பார்த்தால் மலையைக் காணோம்.

கரையில் சாந்தி குடையோடு நின்றாள். படகிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தாள். நான் இறங்கினேன். அவள் பார்வை என்னைத் தாண்டி, காலிப் படகுக்குப் போனது.

“அவரு எங்கண்ணே?”

“முன்னாடிப் படகுல வரலியா?”

“ஒன்கூடதானே இருந்தாரு.”

 போன். தூண். ரெண்டு நிமிஷம். மழையில் சாந்தியின் குடை என் காலடியில் உருண்டு வந்து நின்றது. அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

ஆ மெங் முடியாதென்று தலையாட்டினார். மின்னல் வெட்டும்போது ஏரி நடுவில் போனால், தண்ணீருக்கு மேலே உயரமாக இருப்பது நாம் மட்டும்தான் என்றார். சாந்தி அவரிடம் மலாயில் ஏதோ சொன்னாள். சத்தம் போடவில்லை. அந்தோணி அண்ணன்தான் எனக்குச் சொன்னார்: “நீ வராட்டி நானே ஓட்டுறேன், எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்றா.”  ஆ மெங் இன்ஜின் கயிற்றை இழுத்தார்.

“தங்கச்சி, நீ இங்க இரு. பொம்பாக்கு போன் அடி,” என்றார் அந்தோணி அண்ணன். பொம்பா என்றால் இங்கே தீயணைப்புப் படை. நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் அவர் தொடையில் குத்திக்கொண்டே வந்தார். “யாரு லா ‘இருக்கு’ன்னு சொன்னது? யாரு சொன்னது?”

நான் படகில் தேங்கிய மழைத்தண்ணீரை இரண்டு கையாலும் இறைத்துக்கொண்டிருந்தேன்.

மலையை நெருங்கினோம். அவ்வளவு மழையிலும் பாறைச் சுவரில் சொட்டுத் தண்ணீர் வழியவில்லை. கொட்டுவது முழுவதும் உள்ளேதான் போகிறது. காலையில் நான் பெருமையாகச் சொன்ன பாடம் இதுதான். குகை வாயில் பழுப்புத் தண்ணீர் திரண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடினோம். குனிந்து போன பாதையே காணோம். கூரை வரைக்கும் தண்ணீர், அதில் சந்தனமும் பூவும் சுழன்றன.

“குணா! டேய் குணா!” அந்தோணி அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

“உள்ள பாய்றேன்,” என்று பனியனைக் கழற்றினார். அவருக்கு அறுபத்தைந்துக்குக் குறையாது. கட்டிப் பிடித்து நிறுத்தினேன். வேகமாக யோசித்துப் பார்த்தேன். குணா அந்த உயரத் திட்டில் ஏறியிருந்தால் உயிரோடு இருப்பார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துப் பயந்து வெளியே வரக் குனிந்திருந்தால், இழுத்து நடக்கும் அந்தக் காலோடு, இல்லை. நடுவில் வேறு எதுவும் கிடையாது. மழை நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் இறங்கும். அதுவரை அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

“நம்ம வந்திருக்கோம்னு தெரியட்டும்,” என்று அந்தோணி அண்ணன் வெளியே ஓடினார். மரத்தடியில் தண்டவாளத்தை அடிக்க இரும்புத் தடியைத் தூக்கி ஓங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

“அடிக்காதீங்க அண்ணே! அடிச்சா வந்துருவாரு!”

அவர் என்னை முறைத்தார். அப்புறம் அவர் கையில் இருந்த தடி மெல்லக் கீழே இறங்கியது. அவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். அந்தச் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் கிளம்பி வர வேண்டும் என்றுதான் முப்பது வருடம் அந்த உடம்புகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

தடியைத் தரையில் போட்டார். மூன்று பேரும் குகைவாயில் உட்கார்ந்தோம். சுவரில் ஒரு விரிசலை அடையாளம் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். விரிசலைத் தொட்டது. மூடியது. அந்தோணி அண்ணன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், பிறகு முனியாண்டி இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். ஆ மெங் நனைந்த சிகரெட்டைப் பற்றவைக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார். புதன்கிழமை தட்டு மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள், நான் என் தங்கையின் தாலிக்கே உலை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அழவும் பயமாக இருந்தது. அழுதால் காரணம் கேட்பார்களே.

மழை விட்டது. தண்ணீர் இன்னும் இரண்டு விரல் ஏறியது. பாடப்படி அப்படித்தான் ஏற வேண்டும். பாடம் சரியாக இருந்ததில் எந்த ஆறுதலும் இல்லை. பிறகு விரிசல் மறுபடி தெரிந்தது. ஒரு முழம் இறங்கியது. கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி திறந்தது.

அந்த இடைவெளியில் வெளிச்சம் ஆடியது.

“மச்சான், போட்டோ நல்லா வந்திருக்கு,” என்று ஒரு குரல்.

தண்ணீர் தொடையளவுக்கு இறங்கியதும் அந்தோணி அண்ணன் போய் அவரைத் தோளில் சாய்த்து இழுத்துவந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தலை முழுக்க வௌவால் எச்சம். நான் அவரைக் கட்டிக்கொண்டு விம்மிவிட்டேன்.

“திட்டுல ஏறணும்னு எப்படித் தோணுச்சு?” என்று கேட்டேன்.

“நீங்கதானே சார் சொன்னீங்க, அங்க தண்ணி வராதுன்னு.” பற்கள் தந்தியடித்தன. பிறகு என் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார். “பெரட்டு அடிச்சது கேட்டுச்சு மச்சான். கெளம்பிட்டேன். என் பேரு வந்துச்சு. அப்புறம் நீங்க ‘இருக்கு’ன்னு சொன்னதும் கேட்டுச்சு. சரி, மச்சான் நமக்குக் கொரல் குடுத்துட்டாரு, இனிமே அவசரம் இல்ல, இன்னும் ரெண்டு போட்டோ எடுத்துட்டு மெதுவா போலாம்னு திரும்பிட்டேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

கரையில் பொம்பா வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. சாந்தி குணாவின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். பிறகு அதே நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்தோணி அண்ணன் அவள் முன்னால் கைகூப்பி நின்றார்.

“தப்பு என்னுது, தங்கச்சி. ஆளப் பாக்காம பேரு வாசிச்சிட்டேன். இனிமே வாசிக்க மாட்டேன் லா.”

என் குரலைக் கேட்டுச் சிரித்த நாலு பேரும் அண்டாக்களை வேனில் ஏற்றப் போயிருந்தார்கள். அவர் பக்கத்தில் நானும் நின்றேன், மஞ்சள் பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்க. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. குணா என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். காட்டிக்கொடுக்கவில்லை. நானும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று இரவு தூக்கமில்லை. திங்கட்கிழமை காலை குணா காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தார். சமையலறையில் சாந்தி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மலேசியாவுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகியும் தோசையைச் சுழற்றுகிற விதத்தில் எங்கள் அம்மா கைதான். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தைரியம் வரவில்லை.

“சாந்தி, அந்தோணி அண்ணன் மேலே தப்பில்லை. மாப்பிள்ளை பேரைக் கூப்பிட்டப்போ ‘இருக்கு’ன்னு சொன்னது நான்தான்.”

அவள் தோசையைத் திருப்பினாள். எண்ணெய் விட்டாள்.

“தெரியும்,” என்றாள்.

“மாப்பிள்ளை சொன்னாரா?”

“அவரு சொல்லல. ஒங்கொரலு எனக்குத் தெரியாதாண்ணே?” அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. குரலில் கோபமே இல்லை. “அந்தக் கூட்டத்துல வேற யாரு கொரல் குடுத்திருந்தாலும் நான் திரும்பிப் பாத்திருப்பேன். இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுவாங்கன்னு தெரியும். சொன்னது எங்கண்ணனாச்சே, பாக்காம சொல்ல மாட்டானேன்னுதான் படகுல ஏறிட்டேன்.”

தோசையைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். அதைப் பிட்டு வாயில் வைக்க எனக்கு வெகுநேரமாயிற்று.